முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சக்கரம்

போன மாதம் பட்டறையிலிருந்து போன் வந்தது. நான் விலகிய பிறகு அங்கே தலைமை மெக்கானிக்காக இருக்கும் செல்வம் பேசினான். முதல் பேட்டரி ஆட்டோ பழுதுக்கு வந்திருக்கிறதாம்.

"அண்ணே, இதுல கியரு இல்ல, கிளச்சு இல்ல, ஆயிலு ஒழுகல. எங்கன கை வைக்கிறதுன்னே தெரியல. ஒங்க காலத்துல இப்பிடி முழிக்க வச்ச வண்டி ஏதாச்சும் வந்துச்சா?"

வந்தது என்றேன். எந்தக் கம்பெனியும் செய்யாத வண்டி. நாங்களே செய்து, செய்த பிறகு நாங்களே புரியாமல் நின்ற வண்டி. போனில் ஆரம்பித்தேன், பாதியில் சார்ஜ் போய்விட்டது. எழுதியே தருகிறேன் என்று மறுநாள் சொல்லிவிட்டேன். கண்புரை எடுத்த பிறகு பட்டறைக்குத்தான் போவதில்லை, பேனா பிடிக்க முடிகிறது.

எனக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அய்யாவுக்கு மிளகாய்க் கொல்லையும் எட்டு ஆடுகளும். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டதும், இராமேஸ்வரம் தீவிலுள்ள அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் இருந்த ஆட்டோ பட்டறையில் கொண்டுவந்து விட்டார். மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அடுத்த மூன்று வருஷம் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். கற்றுக்கொண்ட காலம் அவ்வளவுதான். கைரேகை அழிந்தது, தொழில் வந்தது.

சொல்ல வேண்டியவர் லூர்து அண்ணன். பட்டறை அவருடையதுதான், ஆனால் முதலாளி என்று யாரும் கூப்பிட்டதில்லை. முன்பு பஸ்ஸுக்குப் பாடி கட்டும் இடத்தில் போர்மேனாக இருந்தவர். அதனால் வெளியாட்களுக்கு அவர் மேஸ்திரி, எங்களுக்கு அண்ணன். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால், கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டீ குடிப்போமா?" என்பார். அவ்வளவுதான். டீ குடித்து முடிப்பதற்குள் தப்பு செய்தவன் தானாகவே வாயைத் திறந்துவிடுவான். நான் தனியாகக் கோத்த முதல் எஞ்சினில் ஒரு வாஷர் மிச்சம் விழுந்தது. சட்டைப்பையில் போட்டு மறைத்தேன். டீ வந்தது. பாதி டம்ளரிலேயே வாஷரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ஒரு டிரைவர் பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தான். இராமேஸ்வரம் முழுக்கக் கூட்டம். அவசரமாக ஏதாவது செய்து அனுப்பு என்று குதித்தான். அண்ணன் சாவியை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டார். "அப்பனுக்குத் திதி குடுக்க வந்தவன்டா ஒன் வண்டில ஏறுறவன். அவனுக்கே திதி குடுக்க வச்சிராத" என்றார். டிரைவர் சிரித்துவிட்டான், பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். பிரேக் முழுவதும் மாற்றி முடிகிற வரைக்கும் சாவி மடியைவிட்டு வரவில்லை.

பட்டறைக்கென்று இரண்டு வழக்கங்கள் வைத்திருந்தார். எதையாவது வெட்டி ஒட்டும் வேலை என்றால், முதலில் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைவார். யார் வேண்டுமானாலும் ஒரு கோட்டை அழிக்கலாம், ஆனால் ஏன் அழித்தோம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, வண்டியில் முதல் வெட்டை வண்டிக்குச் சொந்தக்காரர்தான் வெட்ட வேண்டும். "நாளைக்கு வந்து, ஐயையோ என் வண்டிய அறுத்துப்புட்டீங்களேன்னு அழக்கூடாதுல்ல" என்பார்.

நான் பட்டறையைவிட்டு விலகுவதற்கு மூன்று வருஷம் முன்பு, ஆவணி மாதம், ஒரு பழைய லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு சாகுல் காக்கா வந்தார். எங்கள் பக்கம் முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் என்கிற முறையில் காக்கா என்போம். தீவின் தெற்குக் கரையில் கரைவலைச் சம்மாட்டி அவர். அதாவது வலைக்குச் சொந்தக்காரர், இழுக்கிற பதினெட்டுக் குடும்பத்துக்கும் தலைவர். மீனையும் ஐஸையும் ஏற்ற அந்த ஆட்டோவை வைத்திருந்தார். சர்க்கரை வியாதியில் சிப்பி குத்திய புண் ஆறாமல், இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாட்டிவிட்ட செயற்கைக் காலோடு இறங்கி, வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடவே அவருடைய மனைவியின் தம்பி ரபீக்கும் வந்திருந்தார். நாற்பது வயது, நல்ல உழைப்பாளி, முகத்தில் மட்டும் எப்போதும் ஒரு கவலை.

"மேஸ்திரி, இதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு. வண்டிக் காகிதத்த ஆர்டிஓ ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டேன். இத மணல்ல ஓடுற மாதிரி ரெண்டு சக்கர வண்டியா ஆக்கித் தரணும்" என்றார் காக்கா.

நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. லூர்து அண்ணன் சிரிக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து, "எதுக்குன்னு சொல்லுங்க காக்கா" என்றார்.

கரைவலையில் வலையைவிடப் பெரிது பார்க்கிற கண். கரையில் நின்று, தண்ணீரின் நிறத்தை வைத்து மீன்கூட்டம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, துண்டை வீசிச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் வள்ளம் வலையை வளைத்துப் போடும். காக்கா இருபத்தைந்து வருஷமாக அதைச் செய்தவர். கால் போன பிறகு இரண்டு வருஷமாக ரபீக் பார்க்கிறார்.

"மீனு ஒரு எடத்துல நிக்காது தம்பி. அது போற போக்குல கரையில நானும் போகணும். ஒத்தக் கால வச்சிக்கிட்டு அந்த மணல்ல நூறு எட்டு வைக்க முடியல."

"டிராக்டர்ல ஏறி நின்னு பாக்கலாமே காக்கா" என்றேன்.

"அது உறுமுற உறுமலுக்குக் கூட்டம் ஆழத்துக்குத் திரும்பிரும்."

ரபீக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குக் கண்ணு தெரியுது, மீனு தெரிய மாட்டேங்குது. மேகத்து நெழல மீனுன்னு நெனச்சு வலையப் போட்டுப்புடுறேன். எத்தன தடவ மீனில்லாம வலையோட வெறும் மடி வந்துருச்சு. ஆளுக ஒண்ணொண்ணா வேற வேலைக்குப் போறாக. இந்தக் கச்சான் ஓய்ஞ்சு வலை எறங்குறப்பவும் இப்பிடித்தான்னா, வலைய வித்துருவோம்னு பேசி வச்சிருக்கோம். மச்சானுக்கு அது பிடிக்கல."

கச்சான் என்பது தெற்குக் கரையைக் கலக்கி எடுக்கிற காற்று. அது ஓய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

சக்கரத்தை மட்டும் பெரிதாக மாற்றி மூன்று சக்கரமாகவே விட்டால் என்ன, அவருக்கும் விழாமல் இருக்குமே என்று நான் கேட்டேன். மறுநாள் அண்ணன் அந்த ஆட்டோவைக் கரைக்குக் கொண்டுபோய் மணலில் இறக்கச் சொன்னார். பத்தடி போனதும் புதைந்தது. கீழே குந்தி, அது கிழித்த மூன்று பள்ளங்களையும் காட்டினார். முன்சக்கரம் நடுவில் ஒரு தடம், பின்சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தடம். மூன்றும் தனித்தனியாகப் புது மணலை உழுதுகொண்டு போயிருந்தன.

காக்காவுக்கு உடனே புரிந்தது. "நாங்களும் மணல்ல ஒருத்தன் பின்னால ஒருத்தனாத்தான் போவோம். முன்னால போறவன் மிதிச்சு அழுத்துன எடத்துல பின்னால வாரவன் மிதிப்பான். அதான் ரெண்டு சக்கரம் கேட்டேன்."

எனக்கு முதல் தடவை உடம்பு சிலிர்த்தது அங்கேதான். ஸ்பானரே பிடித்தறியாத மனுஷன், தன் காலை வைத்து எங்களுக்கு முன்னால் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ரோட்டுல ஏத்தக் கூடாது. மணலோட சரி. ஏத்துனதாக் கேள்விப்பட்டேன், நானே வந்து செயின அத்துருவேன்." காக்கா நெஞ்சில் கைவைத்துச் சம்மதித்தார்.

தரையில் சாக்பீஸ் ஓடியது. முன்சக்கரம், பின்சக்கரம், நடுவில் எஞ்சின், சீட்டு. காக்காவைப் படத்தின் மேல் டப்பாவைப் போட்டு உட்காரச் சொல்லி, கை எட்டும் தூரம், வலது கால் எட்டும் தூரம் எல்லாம் அண்ணன் குறித்தார். இடது காலுக்கு வந்ததும் தயங்கினார். காக்கா வேட்டியை ஒதுக்கி, பட்டையை அவிழ்த்து, செயற்கைக் காலைக் கழற்றித் தரையில் படத்துக்குள் வைத்தார். அண்ணன் மண்டியிட்டு அதைச் சுற்றிக் கோடு போட்டார். கோடு போட்டு முடித்ததும் அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்து, துடைத்து, அவரிடம் கொடுத்தார்.

யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. சாதாரண மோட்டார் சைக்கிள் அவருக்கு உதவாது, கியரை இடது காலால் போட வேண்டும். ஆட்டோவில் கியரும் கிளச்சும் இடது கையில். எங்களிடம் வந்த பழைய மாடலில் ஸ்டார்ட் செய்வதும் கையால் இழுக்கும் லீவர். பிரேக் மட்டும் வலது கால். இந்த ஓட்டை வண்டி இத்தனை வருஷமும் அவருக்காகவே செய்து வைத்தது போல இருந்தது. போதாக்குறைக்கு ஆட்டோவில் ரிவர்ஸ் கியர் வேறு உண்டு.

"ரெண்டு சக்கரத்துக்கு எதுக்கு காக்கா ரிவர்ஸு? அந்தக் கம்பியக் கழட்டிருவோம்" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். நண்டு பின்னாலயும் போகுதுல்ல."

முதல் வெட்டு. ஹாக்சா ரம்பத்தைக் காக்கா கையில் கொடுத்தோம். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி சேஸியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். மிச்சத்தை இரும்பு அறுக்கிற கிரைண்டர் பார்த்துக்கொண்டது. மூன்று நாளில் கூரை, லோடு பெட்டி, பின்பக்கச் சட்டம் எல்லாம் போய், முன்பக்கத் தரைத்தகடும் நடுக்குழாயும் எஞ்சினும் மட்டும் மிஞ்சின.

ஆட்டோவில் எஞ்சினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டால் விசை முழுவதும் அந்த வெறும் பக்கத்திலேயே சுற்றி வீணாகும். அதனால் உள்ளே இருந்த சின்னப் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரே கட்டியாக்கினோம். இடது வாயை மூடி அடைத்தோம். வலது வாயில் செயின் ஓடுகிற ஒரு பற்சக்கரம், அதிலிருந்து செயின், செயினிலிருந்து பின்சக்கரம். ரிம்மை லேத்தில் ஏற்றி இரண்டாக அறுத்து, நடுவில் இரும்புப் பட்டையைச் சேர்த்து இரண்டு மடங்கு அகலமாக்கி, பழைய வேன் டயரை மாட்டினோம். தடித்த டயருக்கு ஆட்டோவின் ஒற்றைக் கை முன்பக்கம் போதாது. சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும்படி குழாயில் இரண்டு கை வைத்து புது ஃபோர்க் செய்து, ஷாக் அப்சார்பர் இரண்டு சேர்த்தோம். இடது பக்கம் செயற்கைக் கால் நழுவாமல் இருக்க, தரையில் வரைந்த கோட்டின் அளவுக்கே ஒரு தகட்டுக் கூடு. சைலன்ஸரை ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு பெட்டி வைத்து நீட்டியதில், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கைவைத்துப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் அடங்கியது. அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுவண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனோம். வலை இழுக்கிறவர்கள் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். காக்கா ஏறி லீவரை இழுத்தார், முதல் இழுப்பிலேயே பிடித்தது. முப்பதடி போனார். வண்டியின் பின்பக்கம் இடது பக்கமாகவே நழுவியது. நிமிர்த்தினார், மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை ஆளும் வண்டியும் சேர்ந்து சாய்ந்தார்கள். சூடும் புகையுமாக வண்டி அவர் மேலே கிடக்க, அவருடைய செயற்கைக் கால் கூட்டுக்குள் மாட்டிக்கொண்டு முறுக்கிக் கிடந்தது.

ரபீக் ஓடிப்போய்த் தூக்கினார். "போதும் மச்சான். இருக்குற காலயும் ஒடிச்சிக்கிட்டு வீட்ல கெடக்கப் போறீகளா? வலைய வித்துருவோம்." கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

லூர்து அண்ணன் விழுந்தவரையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே வண்டி வந்த வழியே நடந்து போனார், திரும்பி வந்தார். கையைத் துடைத்தார்.

"ஏலே முனியா, ஒரு டீ குடிப்போமா?"

கரையில் டீக்கடை எங்கே இருக்கிறது? அவர் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தேன். மணலில் ஒரு தடம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடம். முன்சக்கரத்துத் தடத்துக்கு இடப்பக்கம் நான்கு விரற்கடை தள்ளி, பின்சக்கரம் தனியாக ஒரு பள்ளம் உழுதிருந்தது.

எப்படி நடந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது. முன்சக்கரத்தை ஆட்டோவில் எப்படி வைப்போமோ அப்படித் தரைத்தகட்டின் நடுவைப் பிடித்து வைத்தேன். அது சரி. பின்சக்கரத்தை எஞ்சினிலிருந்து வருகிற செயினுக்கு நேராக வைத்தேன். அதுவும் சரி. டயர் தடிமனாக இருந்ததால் அதன் நடு இடப்பக்கம் போய்விட்டது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஒரு சைக்கிள் கடைக்காரர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். ஆட்டோக்காரன்தான் செய்வான். எங்கள் ஆயுளில் முன்சக்கரத்துக்குப் பின்னால் இன்னொரு சக்கரம் வந்ததே கிடையாது, அங்கே வெறும் காற்றுதான் இருக்கும்.

"அண்ணே, தப்பு என்னோடது. நூலு பிடிக்கல" என்றேன்.

"ஒன்னோடது மட்டுமில்ல. நான் பக்கவாட்டுல மட்டும்தான வரைஞ்சேன். மேலருந்து பாத்தா எப்பிடியிருக்கும்னு வரையல. வரைஞ்சிருந்தா அன்னைக்கே தரையில தெரிஞ்சிருக்கும்."

அத்தனை வருஷத்தில் அவர் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இழுவைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

காக்கா மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நல்லவேள மேஸ்திரி. ரோட்டுல ஓட்டிப் பாத்திருந்தா ஒங்க தப்பே தெரிஞ்சிருக்காது." பிறகு ரபீக்கைப் பார்த்து, "வலைய விக்கிறதப் பத்தி எனக்கு ஒரு வாரம் கழிச்சுச் சொல்லு" என்றார்.

ஒரு வாரம் போதவில்லை. பின்சக்கரத்தை வலப்பக்கம் நகர்த்தி நேருக்குக் கொண்டுவந்தால் செயின் டயரில் உரசும். அதனால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு தனி அச்சு வைத்து, ஒரு செயின் அதுவரைக்கும், அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னொரு செயின் சக்கரத்துக்கு என்று பிரிக்க வேண்டியிருந்தது. கழற்றிப் போட்ட பழைய ஆக்சிலையே லேத்தில் கடைந்து அச்சாக்கினேன். இந்தத் தடவை அண்ணன் மேலிருந்து பார்க்கிற படத்தைத் தரையில் வரைந்தார். நான் நூலை முன்சக்கரத்தில் கட்டிப் பின்சக்கரம் வரைக்கும் இழுத்து, காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை பார்த்தேன். வேண்டாத நேரத்திலும் பார்த்தேன். பத்து நாள் ஆனது. அதற்குள் கச்சான் ஓய்ந்து, பக்கத்துக் கரைகளில் வலை இறங்கிவிட்டது. காக்காவின் வலை மட்டும் கொட்டகையில் சுருண்டு கிடந்தது. அவருடைய ஆட்களில் மூன்று பேர் அடுத்த வலைக்குப் போய்விட்டார்கள் என்று ரபீக் வந்து சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

மறுபடியும் கரைக்குப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. வண்டியை இறக்கியதும் காக்கா டயரில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். நான் லோடு ஆட்டோவுக்கு அடிக்கிற மாதிரி கல்லாகக் காற்று அடித்து வைத்திருந்தேன். அவர் வால்வை அமுக்கிக் காற்றை இறக்க ஆரம்பித்தார். "டியூப் கிழிஞ்சிரும் காக்கா" என்று பதறினேன். "பாதம் விரியணும்ல" என்று சொல்லிவிட்டு, டயர் பக்கவாட்டில் பிதுங்குகிற வரைக்கும் இறக்கினார். பிறகு ஏறி, லீவரை இழுத்து, போனார்.

போனார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். நாங்கள் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. கணுக்கால் புதைகிற மணலில், அந்த வண்டி புதையாமல், சரியாமல், தண்ணீர் ஓரமாகவே போனது. லூர்து அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் மணலைப் பார்த்தேன். ஒரே தடம். அதில் கையை வைத்துப் பார்த்தேன், அழுத்தமாக, சமமாக, தரை மாதிரி இருந்தது.

அவர் சோதனை பார்க்கத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தூரத்தில் போய் நின்றவர் தலையிலிருந்த துண்டை உருவினார். ரபீக், "யா அல்லாஹ், மீனு" என்று கத்திக்கொண்டு வள்ளத்தை நோக்கி ஓடினார்.

நானும் கடலைப் பார்த்தேன். எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. வெயில், அலை, தூரத்தில் ஒரு மேக நிழல். அந்த நிழலை விட்டுவிட்டு அதற்குக் கிழக்கே, ஒன்றுமே இல்லாத இடத்தைக் காக்கா பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையிலிருந்த வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு வள்ளம் இறங்கியது. வண்டி மெதுவாக மேற்கே நகர்ந்தது, வேகம் எடுத்தது, மறுபடியும் மெதுவானது. கடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று போகிற வேகத்தில் அது போனது. திடீரென்று நின்றார். கூட்டம் திரும்பியிருக்க வேண்டும். இடது கையால் ரிவர்ஸ் கம்பியை இழுத்து, வலது காலால் மணலை உந்திக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கியரில்! முகத்தைத் திருப்பவில்லை. கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவே இல்லை. துண்டு மட்டும் இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தது. வள்ளம் அந்தத் துண்டுக்கு வளைந்தது.

முப்பத்தாறு வருஷம் வண்டி ரிப்பேர் செய்திருக்கிறேன். வண்டி என்றால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற சாமான் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு வண்டி எது, மனுஷன் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மனுஷனால் இவ்வளவு பார்க்க முடியுமா என்று பயமாகக்கூட இருந்தது.

வலையின் இரண்டு முனைக் கயிறும் கரைக்கு வந்தன. ஆள் குறைவு என்பதால் எங்களையும் கூப்பிட்டார்கள். லூர்து அண்ணன் ஒரு கயிற்றில், நான் இன்னொன்றில். உள்ளங்கை தோல் உரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தோம். கடைசியில் மீன் சேருகிற பை, அதைத்தான் மடி என்பார்கள், ஆழம் குறைந்த தண்ணீரில் தெரியும் வரைக்கும் எல்லார் கண்ணும் தண்ணீரிலேயே இருந்தது. வெறும் மடி வந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ரபீக் இடுப்பளவு தண்ணீரில் நின்று மடியைத் தொட்டுப் பார்த்தார். தொட்டவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது. மடி தானாகவே அசைந்துகொண்டிருந்தது. உள்ளே சாளை மீன், வெள்ளியாக, கொள்ள முடியாமல்.

கரையேற்றியதும் பங்கு பிரித்தார்கள். மணலில் குவியல் குவியலாக மீன் விழுந்தது. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பள்ளிவாசலுக்கு ஒன்று, இழுத்தவர்களுக்கு ஆளுக்கொன்று. எங்கள் இரண்டு பேருக்கும்கூட வைத்தார்கள். காக்கா வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு பங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ரபீக் ஒரு மஞ்சள் பையை எடுத்து, ஒவ்வொரு குவியலிலும் இரண்டிரண்டு மீனாக எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவர் மெதுவாகச் சொன்னார். கரைக்கு வர முடியாமல் படுத்துவிட்ட ஆள் வீட்டுக்கு அப்படிக் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கமாம். இரண்டு வருஷமாக வலை ஏறும்போதெல்லாம் அந்தப் பை காக்கா வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறதாம். ரபீக்கின் கை பழக்கத்தில் அதைச் செய்துகொண்டிருந்தது.

காக்கா பார்த்துவிட்டார்.

"யாருக்கு மாப்ள அது?"

ரபீக்கின் கை நின்றது. பையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"வீட்ல சீக்காளி யாரும் இல்ல மாப்ள. நான் இங்கனதான நிக்கிறேன்."

ரபீக் பையைக் கவிழ்த்தார். மீன்கள் மணலில் விழுந்தன. வெறும் பையை முகத்தில் வைத்து மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், அந்த மனுஷன் சத்தம் போட்டு அழுதார்.